பித்தளை சொல்லும் சாட்சி

கையால் தோட்டா நிரப்புகிறவர் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் வெற்றுக்கூட்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நடுவில் பிரைமர் என்னும் சின்னக் கிண்ணம் பதிந்திருக்கும். அதில் ஊசி குத்திய குழி இருக்கும். அளவான அழுத்தத்தில் வெடித்த தோட்டாவில் பிரைமரின் விளிம்பு மொழுக்கென்று உருண்டிருக்கும். அழுத்தம் கூடினால் அந்த உருட்சி போய், பிரைமர் பள்ளத்தின் ஓரம்வரை தட்டையாகப் பரவி நிற்கும். ஊசிக்குழியைச் சுற்றி வரப்புபோல உலோகம் மேலே எழும்பும். அடித்தட்டில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை அமர்ந்திருந்த இடத்தில், பிறைவடிவில் ஒரு பளபளப்பு தெரியும். ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்டைத் தூக்கும் கைக்கு ஒரு கனம் தட்டும். அதற்கும் மேலே போனால் பிரைமர் பள்ளமே அகன்று, ஓரத்தில் கரி கசிந்திருக்கும். புதிய பிரைமரை வைத்தால் பிடிப்பில்லாமல் ஆடும். மருந்து மிஞ்சிவிட்டதா என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக இந்தத் தொழிலில் பதில் தேடியது இந்தத் தடங்களில்தான். தடங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவை பித்தளையைப் பற்றிச் சொல்கின்றன, துப்பாக்கியைப் பற்றி அல்ல. அதையும் காலம் கடந்தே சொல்கின்றன. தோட்டாவின் அழுத்தத்தை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாற்றைப் பின்தொடர்ந்தால், தேர்ந்த கண்ணும் எந்த இடத்தில் ஏமாறும் என்பது படிப்படியாகத் தெரியவருகிறது. தடம் தெரியாததையே அனுமதியாக எடுத்துக்கொண்டவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண்ணல்ல, எஃகுதான் என்பது என் வாதம்.

கருமருந்துக் காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கவில்லை. துப்பாக்கியில் மருந்து இடுவதைத் தமிழில் கெட்டித்தல் என்போம். அந்தச் சொல்லே பழைய மருந்தின் குணத்தைக் காட்டிவிடுகிறது. கருமருந்துத் தோட்டாவில் காலியிடம் விடாமல் மருந்தை நிரப்பி, குண்டை அதன்மேல் அழுத்தி வைக்க வேண்டும். அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்ற ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவுக்கு .45-70 என்று பெயர். அதில் 70 என்பது மருந்தின் எடை. 70 கிரெய்ன், அதாவது சுமார் நாலரை கிராம். கூட்டில் அதற்குமேல் இடமே இல்லை. கூட்டின் கொள்ளளவே காவலாக நின்றது. தவறியும் இருமடங்கு போட்டுவிட முடியாது. அந்தக் காலத்தில் மேற்கு அமெரிக்கச் சமவெளியில் எருமை வேட்டையாடியவர்களும், எல்லைக் காவல் நிலையங்களில் இருந்த சிப்பாய்களும் சுட்ட கூடுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்பினார்கள். கடை தூரம், தோட்டா விலை அதிகம். நியூஹேவனில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டிபோலக் கையில் அடங்கும் ஒரு கருவியை விற்றது. பிரைமரை எடுப்பது, புதியதை வைப்பது, குண்டை இறுக்குவது எல்லாம் அதிலேயே முடிந்தது. இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்ற இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயரான பாக்ஸர் வடிவமைத்த பிரைமர் அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரான பெர்டான் வடிவமைத்தது ஐரோப்பாவுக்குப் போயிற்று. பாக்ஸர் முறையில் கூட்டின் நடுவே ஒற்றைத் துளை. ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டான் கூட்டில் அது முடியாது. வீட்டு மேசையில் தோட்டா நிரப்பும் வழக்கம் எந்த நாட்டில் வளர வேண்டும் என்பதை அந்த ஒற்றைத் துளையும் சேர்ந்து தீர்மானித்தது.

1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டதும் நிலைமை தலைகீழானது. இரண்டே ஆண்டில் லெபெல் ரைஃபிள் அதைக் களத்துக்குக் கொண்டுவந்தது. 1889இல் ஏபலும் டூயரும் பிரிட்டனுக்காகக் கார்டைட்டை உருவாக்கினார்கள்; .303 தோட்டாவில் கருமருந்தின் இடத்தை அது பிடித்தது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் அருவங்காடு தொழிற்சாலை அந்தக் கார்டைட்டைச் செய்வதற்காகத்தான் 1900களின் தொடக்கத்தில் எழுந்தது. இன்றும் ஊர்க்காரர்கள் அதைக் கார்டைட் ஃபேக்டரி என்றே சொல்கிறார்கள். புதிய மருந்தின் ஆபத்து அதன் வலிமையில் மட்டும் இல்லை. எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்பதை வியேயே விதியாக எழுதிவைத்தார். அழுத்தம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கருமருந்திலும் இந்தக் குணம் உண்டு, ஆனால் மந்தம். புகையில்லா மருந்தில் அது கூர்மையானது. ஆகவே மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டினால் அழுத்தமும் ஐந்து பங்குதான் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏற்றம் அதைவிடப் பெரிது. தவிர, குறைந்த மருந்தே போதும் என்பதால் பல தோட்டாக்களில் கூடு பாதிதான் நிரம்பியது. கொள்ளளவு என்ற பழைய காவல் போய்விட்டது. குண்டை இன்னும் கொஞ்சம் ஆழமாக அமுக்குவது, கூட்டின் சுவர் தடித்திருப்பது, தோட்டாவை வெயிலில் போட்டுவைப்பது, வேறொரு தொகுதி மருந்தை அதே எடையில் போடுவது என்று ஒவ்வொன்றும் அழுத்தத்தை நகர்த்தக்கூடியதாயிற்று. தராசு மட்டும் இவற்றைக் காட்டாது.

அழுத்தத்தை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பழைய எண்களைப் பார்த்தாலே புரியும். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ், வெடிமருந்து எரியும்போது எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 1,000 மடங்கு என்று கணித்தார். 1797இல் ரம்ஃபோர்டு பிரபு, சிறிய இரும்புக் குழலை மருந்தால் வெடிக்க வைத்து, அந்த இரும்பின் வலிமையிலிருந்து கணக்குப் போட்டு, 50,000 மடங்குக்கும் மேல் என்றார். இருவருமே பெரிய அறிஞர்கள். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் ஐம்பது மடங்கு வேறுபாடு. 1870களில் ஆண்ட்ரூ நோபிளும் ஏபலும் மூடிய கலத்தில் அளந்தபோது கிடைத்தது சுமார் 6,400 மடங்கு. ரம்ஃபோர்டு எங்கே தவறினார் என்று பாருங்கள். உலோகம் உடைந்த விதத்தைப் பார்த்து அழுத்தத்தை ஊகித்தார். அடிப்படையில் இன்றைய கைநிரப்பாளர் வெற்றுக்கூட்டில் செய்வதும் அதேதான்.

அழுத்தத்தை அளக்க முடியாத நாட்களில் ஐரோப்பா கண்டுபிடித்த வழி சோதனை வெடி. லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்துச் சுடுவார்கள். குழல் வீங்கினால் கழித்துவிடுவார்கள், தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அழுத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இது தாங்கியது என்பது மட்டும் தெரியும். எண்ணாக அளக்கும் முறை 1850களின் இறுதியில்தான் வந்தது. அமெரிக்கப் படை அதிகாரி தாமஸ் ராட்மன், பீரங்கிச் சுவரில் துளையிட்டு ஒரு சிறு பிஸ்டனைப் பொருத்தினார். அதன் முனைக்கத்தி ஒரு செப்புத் துண்டில் எவ்வளவு ஆழம் வெட்டியது என்பதை வைத்து அழுத்தத்தைச் சொன்னார். நோபிள் 1860களில் கத்தியை எடுத்துவிட்டு, சின்ன செப்பு உருளை நசுங்கும் அளவைப் பார்த்தார். ரைஃபிள் தோட்டாவுக்கும் அடுத்த நூறாண்டு இதுவே முறையாக இருந்தது. சோதனைக் குழலில் தோட்டா அமரும் அறையின் சுவரில் ஒரு துளை, அதில் பிஸ்டன், அதன்மேல் விரல்நுனி அளவு செப்பு உருளை, அதற்கு மேலே இறுக்கித் திருகிய பட்டடை. தோட்டா வெடித்ததும் வாயு பிஸ்டனைத் தள்ள, செம்பு குட்டையாகும். மைக்ரோமீட்டரில் அதன் நீளத்தை எடுத்து, அந்தத் தொகுதிச் செம்புக்கென்றே தயாரித்த அட்டவணையில் எண்ணைத் தேடுவார்கள். இந்த எண்கள்கூட முறையைச் சார்ந்தவைதான். பிரிட்டிஷார் தோட்டாக்கூட்டில் எண்ணெய் தடவி, அது பின்னோக்கித் தள்ளும் விசையைச் செம்பில் வாங்கினார்கள். அவர்களுடைய .303க்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 18 அல்லது 19 டன் என்று வந்தது. அதே தோட்டாவைப் பக்கத்துளை முறையில் அளந்தால் வேறு எண் வரும்.

கண்ணை நம்பியதன் விலையை மிகத் தெளிவாகக் காட்டிய சம்பவம் தோட்டா மேசையில் நடக்கவில்லை, உலைக்களத்தில் நடந்தது. 1917இல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய நேரத்தில், 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சில சுடும்போதே சிதறின. தோட்டாக்கூட்டின் அடி மென்மையாக இருந்து கிழிந்ததும், வெளியேறிய வாயு எஃகு உடற்பகுதியைக் கண்ணாடிபோல உடைத்துவிட்டது. ஏன் உடைந்தது என்று தேடியவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையின் கொல்லர்களிடம் போய் நின்றார்கள். எஃகின் பதத்தை அவர்கள் நிறம் பார்த்தே தீர்மானித்து வந்தார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், தங்கள் கண்மீது நியாயமான நம்பிக்கை வைத்தவர்கள். அங்கே வெப்பமானியை வைத்து அளந்தபோது, அவர்கள் சரியான பதம் என்று சொன்ன சூடு, மேகமூட்டமான நாளைவிட நல்ல வெயில் அடிக்கும் நாளில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது. வெளிச்சம் நிறைந்த கூடத்தில் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரியும். ஆகவே இன்னும் காய்ச்சினார்கள். எஃகு கருகி நொறுங்கும் தன்மை அடைந்தது. அப்போது அங்கே பணியாற்றிய ஜூலியன் ஹேட்சர் 1947இல் வெளியிட்ட தம் குறிப்பேட்டில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அதன்பின் வெப்பமானிகள் வைக்கப்பட்டன, பதப்படுத்தும் முறையும் மாறியது. ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் 800,000க்குக் கீழான வரிசை எண் கொண்ட ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றுவரை எச்சரிக்கை தொடர்கிறது. இந்த ரைஃபிள்கள் எல்லாமே சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு அழுத்தமுள்ள சோதனைத் தோட்டாவைத் தாங்கி, முத்திரை வாங்கி வெளியே வந்தவை. கொல்லரின் கண்ணுக்கு எஃகில் எந்தக் குறையும் தெரியவில்லை, சோதனை வெடிக்கும் தெரியவில்லை.

நான்கு ஆண்டு கழித்து இன்னொரு பாடம் வந்தது. அந்நாளைய குண்டுகளின் நிக்கல் கலந்த செப்புறை, குழலின் உள்ளே கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு குறியைக் கெடுத்தது. அதைத் தவிர்க்க 1921ஆம் ஆண்டுத் தேசியப் போட்டிக்கான தோட்டாக்களில் ஃபிராங்ஃபோர்டு ஆயுதச்சாலை குண்டின்மேல் வெள்ளீயம் பூசியது. போட்டியாளர்களுக்கோ குண்டின் முனையைக் கிரீஸில் தோய்த்துவிட்டுச் சுடுவது நெடுநாள் வழக்கம். வெள்ளீயம் பூசிய குண்டுக்குக் கிரீஸ் கூடாது என்று அறிவித்தும் சிலர் விடவில்லை. உள்ளே நடந்தது என்னவென்றால், பெட்டியில் கிடந்த நாட்களில் வெள்ளீயம் கூட்டின் கழுத்தோடு பற்றவைத்ததுபோல ஒட்டிப்போயிருந்தது. சுடும்போது அந்தக் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டும். கழுத்துக்கும் அறைச்சுவருக்கும் நடுவே கிரீஸ் அடைத்து நின்றால் விரிய வழியில்லை. குண்டு நகரத் தாமதித்த அந்த நொடியின் துணுக்கில் அழுத்தம் எகிறியது. ஆயுதச்சாலையின் அளவில் தயாரித்த தோட்டா, எடை மாறாத மருந்து, கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. வெறும் கூட்டைப் படிப்பதில் எவ்வளவு தேர்ந்தவரானாலும், முந்தைய தோட்டாவின் கூட்டைப் பார்த்து அடுத்த தோட்டாவில் காத்திருப்பதை அறிந்திருக்க முடியாது. வெள்ளீயப் பூச்சு கைவிடப்பட்டது, செம்பில் சிறிது துத்தநாகம் சேர்த்த உலோகம் குண்டுறையாக அந்த இடத்துக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கைநிரப்பல் பெரும் பொழுதுபோக்காகப் பரவியது. கான்சஸில் புரூஸ் ஹாட்ஜ்டன், ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை மொத்தமாக வாங்கி மலிவாக விற்றார். அதில் 4831 என்ற எண்ணுடைய மருந்து 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாவுக்காகச் செய்தது. மெதுவாக எரியும் ரகம். வேட்டை ரைஃபிளில் அதை எவ்வளவு போடலாம் என்று சொல்ல எந்த அட்டவணையும் இல்லை. மருந்து கையில் இருக்கிறது, செம்பு அளவியோ ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கிடையாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், பிரைமர் தட்டையானதும் ஒரு படி இறங்கி நின்றார்கள். அந்தத் தலைமுறையின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பொறுமையும் கவனமும் உள்ளவர்கள் அவர்கள். ஹேண்ட்லோடர் இதழில் நெடுங்காலம் எழுதிய கென் வாட்டர்ஸ் கூட்டின் அடிப்பகுதி எவ்வளவு விரிகிறது என்பதை மைக்ரோமீட்டரால் அளந்து, அதே ரகக் கூட்டில் வந்த ஆலைத் தோட்டாவின் விரிவோடு ஒப்பிட்டார். வெறும் கண்ணைவிட அது ஒரு படி மேல்தான். ஆனாலும் அந்தக் காலத்து வழிகாட்டி நூல்களில் சாதாரண ரைஃபிளில் தடம் பார்த்தே எழுதப்பட்ட அளவுகள் நிறைய இருந்தன. பின்னாளில் அளவிகள் வந்து அதே அளவுகளைச் சோதித்தபோது உச்சவரம்புகள் பல கீழே இறங்கின.

இங்கேதான் வாதத்தின் மையம் இருக்கிறது. தோட்டாக்கூட்டின் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கழுத்து மென்மையாக இருக்கும், அடி கெட்டியாக இருக்கும். சுடும்போது கூடு விரிந்து அறைச்சுவரை அடைக்கும், அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கிக் கழன்று வரும். அழுத்தம் மிஞ்சினால் எஃகு அறையும் நூலளவு விரிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆனால் தன் எல்லையைத் தாண்டி இழுபட்ட பித்தளை அந்த அளவுக்குத் திரும்பாது. அதனால்தான் கூடு அறையில் இறுகி, போல்ட் கனக்கிறது. நல்ல பித்தளையில், நவீன போல்ட் ரைஃபிளில், சந்தேகத்துக்கு இடமில்லாத தடங்கள் வரும்போது அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். 30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் விதிக்கும் உச்சம் 60,000. ஆகவே தடம் தோன்றும் நேரத்தில் வரம்பு எப்போதோ கடந்திருக்கும். இதுவாவது வலிமையான ரைஃபிள்களின் தோட்டா. 30-30க்கு உச்சம் 42,000. .45-70க்கு 28,000 மட்டும். 1873இன் ட்ராப்டோர் இன்னும் ஆட்கள் கையில் இருப்பதால் அந்த எண். இந்தத் துப்பாக்கிகளில் பித்தளை வாய் திறக்கும் வரை காத்திருப்பவர், துப்பாக்கி தாங்கக்கூடிய எல்லையை எங்கோ பின்னால் விட்டுவிட்டு வந்திருப்பார். பிரைமரோ அழகாக உருண்ட விளிம்போடு சிரித்துக்கொண்டிருக்கும். ஏனென்றால் அதே பித்தளைதான், எந்தத் துப்பாக்கியில் போட்டாலும் அதே எல்லையில்தான் அது பேசும்.

சில தடங்கள் அழுத்தம் மிஞ்சாமலும் வரும். கூட்டின் தோளை அளவுக்கு மீறித் தள்ளிச் சீர்செய்துவிட்டால், சுடும்போது முதலில் பிரைமர் பின்னால் நழுவும், பிறகு கூடு வந்து அதன்மேல் மோதும். மிதமான தோட்டாவிலும் பிரைமர் தட்டையாகிவிடும். ஊசித்துளை தளர்ந்திருந்தால் வரப்பு எழும்பும். அறைச்சுவர் சொரசொரப்பாக இருந்தால் போல்ட் கனக்கும். கிண்ணத்தின் தடிமன் பிரைமருக்குப் பிரைமர் வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மை, அது ஒரே பானையில், ஒரே தீயில், ஒரே அரிசியில் வெந்தது என்பதால். ஐந்து தடவை சுட்ட கூடும் புதுக்கூடும், போன ஆண்டு மருந்தும் இந்த ஆண்டு மருந்தும் ஒரே பானைச் சோறல்ல.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. செம்பு உருளையும் நசுங்கும் உலோகம்தானே, அதை நம்பும்போது பித்தளையை ஏன் நம்பக்கூடாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேறுபாடு உலோகத்தில் இல்லை, முன்னேற்பாட்டில் இருக்கிறது. அந்தச் செம்பு ஒரே கடினத்தில் தயாரானது. எவ்வளவு விசைக்கு எவ்வளவு நசுங்கும் என்று முன்பே தெரிந்த அட்டவணையோடு வருகிறது. ஒரு முறைக்குமேல் பயன்படாது. கூட்டின் பித்தளைக்கு அப்படியொரு அட்டவணை இல்லை. இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: எத்தனையோ பேர் வாழ்நாள் முழுதும் தடம் பார்த்தே நிரப்பினார்கள், பத்து விரலோடு இருந்தார்கள். உண்மை. அவர்கள் கையிலிருந்தது பெரும்பாலும் மௌசர் வழிவந்த வலிமையான போல்ட் ரைஃபிள். ஐரோப்பியத் தரத்தில் ஒவ்வொரு ரைஃபிளும் உச்ச அழுத்தத்தைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலான சோதனையைத் தாங்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லர் பி.ஓ. ஆக்லி போருக்குப் பின் ராணுவ ரைஃபிள்களை வேண்டுமென்றே மருந்தைக் கூட்டிக்கூட்டி உடைத்துப் பார்த்தார். ஜப்பானிய அரிசாகா கடைசிவரை தாக்குப்பிடித்தது. எஃகு இப்படித் தாங்கியதைத் தங்கள் கண்ணின் வெற்றியாக அந்தத் தலைமுறை எடுத்துக்கொண்டது. அதே பழக்கத்தை 30-30 லீவர் துப்பாக்கிக்கும் ட்ராப்டோருக்கும் கொண்டுபோனபோது தாங்க எஃகில்லை. புதிய நூல்களில் அளவு குறைந்தது வழக்குக்குப் பயந்த வக்கீல்களால்தான் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. அளவிகளின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1880இல் கியூரி சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்று கண்டார்கள். வெடியழுத்தத்தை அளக்க இதைப் பயன்படுத்தலாம் என்று முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஜே.ஜே. தாம்சன் யோசனை சொன்னார். மின்னணுக் கருவிகள் தேர்ந்த பிறகு தோட்டா ஆய்வுக்கூடங்களுக்கு அது வந்தது. செம்பு நசுங்க நேரம் எடுக்கும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஏறி இறங்கும் உச்சத்தை அது முழுதாகப் பிடிக்காது. படிகம் ஒவ்வொரு நுண்கணத்தையும் வரைந்து காட்டும். அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் 1926இல் தொடங்கிய சாமி (SAAMI) அமைப்பின் தரப்பட்டியலில் இரண்டு முறை எண்களும் இருக்கின்றன. 30-06க்குச் செம்பு அலகில் 50,000, படிகத்தில் 60,000 பவுண்டு. .45-70க்கு இரண்டிலும் 28,000. இதைவிடக் கூர்மையான சான்று .308 வின்செஸ்டரும் .270 வின்செஸ்டரும். செம்பில் இரண்டுக்கும் ஒரே எண், 52,000. படிகத்திலோ .308க்கு 62,000, .270க்கு 65,000. அட்டவணையோடும் முன்னேற்பாட்டோடும் வந்த செம்பாலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. எங்கே உண்மையான உச்சம் இருக்கிறது என்று தெரிந்தபின் மருந்தின் அளவு மாறியதற்கு வக்கீல் தேவையில்லை. செம்பு தவறிய இடத்தில், எத்தனை முறை சுட்டது என்ற கணக்குகூட இல்லாத பித்தளையையும் மேசை விளக்கின் வெளிச்சத்தில் பார்க்கும் கண்ணையும் நம்பி உச்சவரம்பைத் தேடுவது எந்த வகையில் நியாயம்?

அப்படியானால் தடங்களைப் பார்ப்பதே வீணா என்றால், அல்ல. அட்டவணையைத் தயாரித்த ஆய்வுக்கூடத்தின் குழல் வேறு, சுடுபவரின் குழல் வேறு. அறை இறுக்கமாக இருக்கலாம், குண்டு ஓடுபாதையின் தொடக்கம் குறுகலாக இருக்கலாம், மருந்துத் தொகுதி மாறியிருக்கலாம், தராசு தவறியிருக்கலாம். அட்டவணையின் உச்சத்துக்குக் கீழேயே ஒரு தடம் தோன்றினால், அட்டவணைக்குத் தெரியாத ஒன்று இந்தத் துப்பாக்கியில் இருக்கிறது என்று பொருள். குண்டின் வேகத்தை அளக்கும் கருவியும் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அதே நீளக் குழலில் நூல் சொன்ன வேகத்தைவிட அதிகம் வந்தால், அந்த வேகம் பெரும்பாலும் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்கும். சாட்சியை எந்தப் பக்கத்துக்குக் கூப்பிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுத்து என்று பித்தளை சொன்னால் நம்பலாம். தொடரலாம் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. அதன் மௌனத்தை அப்படிப் படித்தது நாம்தான்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா நிரப்புவதை ஆயுதச் சட்டம் அனுமதிக்கவில்லை. அனுமதி உள்ள நாடுகளில் இருந்து இதைப் படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். அளந்து வெளியிட்ட நூலின் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள், அதன் உச்சத்தில் நின்றுவிடுங்கள். வழியில் ஒரே ஒரு முறை போல்ட் கனத்தாலும், அந்தத் தொகுதியில் மீதமுள்ள தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிவிடுங்கள்.